எத்தனையில் எத்தனை?

"குற்றங்கள் பெருகிவிட்டன" என்று ஒருவர் எழுதுகிறார். "சுத்தப் பொய், குறைந்திருக்கிறது" என்கிறார் அடுத்தவர். முதலாமவர் அறிக்கை ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் போடுகிறார். இரண்டாமவரும் போடுகிறார். உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே அறிக்கைதான், பக்கம்தான் வேறு. நாற்பது பதில்களுக்குப் பிறகு பேச்சு குற்றத்தைப் பற்றி இருக்காது, யார் யாரிடம் காசு வாங்கினார்கள் என்பதில் போய் நிற்கும்.

இதில் இருவருமே பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஓர் ஊரின் மக்கள்தொகை பத்து வருடங்களுக்கு முன் 50 லட்சம், அந்த ஆண்டு பதிவான குற்றங்கள் 10,000 என்று வைத்துக்கொள்வோம். இன்று மக்கள்தொகை 60 லட்சம், குற்றங்கள் 11,000. மொத்தம் ஆயிரம் கூடியிருக்கிறது, ஆகவே முதலாமவர் சொன்னது உண்மை. லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் அன்று 200, இன்று சுமார் 183. இரண்டாமவர் சொன்னதும் உண்மை. ஒருவர் வகுக்கவில்லை, மற்றவர் வகுத்தார். சண்டையே அவ்வளவுதான்.

பள்ளியில் பின்னம் படித்தது நினைவிருக்கலாம். கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. செய்தியில், விளம்பரத்தில், மேடைப் பேச்சில் நம் காதில் விழுவது பெரும்பாலும் மேலே இருக்கும் எண் மட்டுமே. கீழே இருப்பதைச் சொல்ல மாட்டார்கள், அல்லது 'சதவீதம்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். நூற்றுக்கு இத்தனை என்பது தெரிகிறது. அந்த நூறு யார் என்பதுதான் தெரிவதில்லை. தமிழில் கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்கு ஒற்றைச் சொற்களே உண்டு. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ஆனால் ஒருவர் வந்து 'கால்' என்று மட்டும் சொன்னால் 'எதில் கால்?' என்று கேட்காமல் யாரும் விட மாட்டோம். '25 சதவீதம்' என்று சொன்னால் மட்டும் ஏனோ தலையாட்டிவிடுகிறோம்.

அரசியலில் இது எப்படி விளையாடுகிறது என்பதற்குத் தேர்தல் முடிவுகளைப் போல நல்ல உதாரணம் இல்லை. 2024 ஜூலையில் பிரிட்டனில் நடந்த பொதுத்தேர்தலில் 650 இடங்களில் தொழிற்கட்சி 411 இடங்களைப் பிடித்தது. கிட்டத்தட்ட 63 சதவீதம். 'மாபெரும் அலை' என்று எழுதலாம். பதிவான வாக்குகளில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 34 சதவீதம். 'மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள்' என்றும் எழுதலாம். வாக்குச்சாவடிக்கு வந்தவர்களே 60 சதவீதம் பேர்தான் என்பதால், பட்டியலில் இருந்த மொத்த வாக்காளர்களில் பார்த்தால் ஏறத்தாழ 20 சதவீதம். 'ஐந்தில் ஒருவரின் ஆதரவுதான்' என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே தேர்தல், மூன்றும் சரியான கணக்கு. இடங்களை வைத்துத்தான் ஆட்சி அமைகிறது என்பதால் முதல் எண்ணுக்குச் சட்டபூர்வமான எடை இருக்கிறது. மக்கள் மனதை அளக்கிறேன் என்று கிளம்புகிறவருக்கு அது போதாது. தனக்குப் பிடித்த கட்சி ஜெயித்தால் முதல் எண்ணையும் தோற்றால் மூன்றாவது எண்ணையும் எடுப்பவர்கள் எல்லா முகாமிலும் உண்டு. அவர்களை விட்டுவிடலாம்.

வேலையின்மை விகிதம் இன்னும் நுட்பமானது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி ஒருவர் வேலையில்லாதவர் என்று எண்ணப்பட அவருக்கு வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அவர் வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். கீழே வைத்து வகுப்பது மொத்த மக்களை அல்ல, வேலை செய்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்த தொழிலாளர் தொகையை. அந்தத் தொகை 60 பேர், அதில் 6 பேருக்கு வேலை இல்லை என்றால் விகிதம் 10 சதவீதம். இப்போது அந்த ஆறு பேரில் மூவர் அலைந்து அலைந்து வெறுத்துப்போய், தேடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். கணக்கிலிருந்தே அவர்கள் காணாமல் போகிறார்கள். 57 பேரில் 3 பேர், அதாவது 5.3 சதவீதம். ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. யாரும் மோசடி செய்யவில்லை, வரையறை அப்படி. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வேலையின்மை விகிதத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்திலேயே, வேலை செய்யும் வயதுள்ள மக்களில் எத்தனை பேர் இந்தத் தொழிலாளர் தொகைக்குள் இருக்கிறார்கள் என்று சொல்லும் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தையும் வைத்துப் பார்ப்பார்கள்.

இதோடு ஒட்டிய சின்ன விஷயம் ஒன்று. வரி 5 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால், அரசு '1 சதவீதம்தான் ஏற்றினோம்' என்னும். எதிர்க்கட்சி '20 சதவீதம் ஏற்றிவிட்டார்கள்' என்னும். ஏறியது 1 சதவீதப் புள்ளி. பழைய வரியோடு ஒப்பிட்டால் 20 சதவீத உயர்வு. 'புள்ளி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் பல சண்டைகள் ஆரம்பித்தே இருக்காது.

மருத்துவச் செய்திகளில் இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடும். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்பது அதன் சாரம். இரண்டு மடங்கு என்றதும் பதறிப்போய்ப் பல பெண்கள் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். கீழே இருந்த எண் என்ன தெரியுமா? பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் 7,000 பேரில் இருவருக்கு. இரண்டு மடங்கு என்பது உண்மை. ஏழாயிரத்தில் ஒருவர் கூடினார் என்பதும் உண்மை. செய்தியில் ஓடியது முதலாவது மட்டும். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் கூடுதலாகச் சுமார் 13,000 நடந்ததாக மதிப்பிட்டார்கள். கர்ப்பமே அந்த மாத்திரையைவிட இரத்தம் உறையும் ஆபத்தை அதிகமாக்கக்கூடியது என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

சதவீதத்துக்குத் திசையும் உண்டு. 2021ல் இணையமெங்கும் ஓடிய சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள்: 'மருத்துவமனையில் கிடப்பவர்களில் பாதிப்பேர் தடுப்பூசி போட்டவர்கள், அப்புறம் ஊசி எதற்கு?' ஆயிரம் பேரில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று கொள்வோம். மருத்துவமனைக்கு இந்தப் பக்கமிருந்து 9 பேரும் அந்தப் பக்கமிருந்து 9 பேரும் போகிறார்கள். படுக்கைகளை எண்ணினால் சரிபாதி. ஊசி போட்டவர்களில் போனவர் 900க்கு 9, நூற்றில் ஒருவர். போடாதவர்களில் 100க்கு 9. ஒன்பது மடங்கு வித்தியாசம். 'படுத்திருப்பவர்களில் ஊசி போட்டவர் எத்தனை' என்பது ஒரு கேள்வி, 'ஊசி போட்டவர்களில் படுத்தவர் எத்தனை' என்பது வேறு கேள்வி. நமக்குத் தேவைப்பட்டது இரண்டாவது, கைக்குச் சுலபமாகக் கிடைத்தது முதலாவது. ஊரில் எல்லோருமே ஊசி போட்டுவிட்டால் மருத்துவமனையில் இருப்பவர்களில் நூற்றுக்கு நூறும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் தலைகீழாக நிற்பது பளிச்சென்று தெரியும்.

எதால் வகுப்பது என்பதை வேண்டுமென்றே கோணலாகத் தேர்ந்தெடுத்தால் எதையும் நிரூபிக்கலாம். எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்க விண்வெளி ஓடங்கள். 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தன. 1986ல் சேலஞ்சரும் 2003ல் கொலம்பியாவும் அழிந்து 14 பேர் இறந்தார்கள். பயணக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 68 முறைக்கு ஒரு முறை எல்லோரும் இறக்கும் வாகனம். அப்படி ஒரு பேருந்து இருந்தால் யாராவது ஏறுவார்களா? ஆனால் பூமியைச் சுற்றிச் சுற்றி அவை கடந்த தூரம் 80 கோடி கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு பயணத்திலும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அதையெல்லாம் பெருக்கி, பயணிகள் கடந்த கிலோமீட்டருக்கு எத்தனை மரணம் என்று கணக்கிட்டால், நம் சாலைக் கார்களின் பக்கத்தில் கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். ஆபத்து புறப்படும்போதும் இறங்கும்போதும்தான், சுற்றும் தூரத்தில் அல்ல. ஆகவே தூரத்தால் வகுப்பது அர்த்தமில்லாதது. விமானமா காரா எது பாதுகாப்பு என்ற முடிவில்லாத வாக்குவாதத்திலும் இதே கேள்விதான் பதுங்கியிருக்கிறது, கிலோமீட்டருக்கா, பயணத்துக்கா, மணி நேரத்துக்கா?

வகுத்துவிட்டாலே போதும் என்று நினைத்தாலும் வழுக்கும். கீழே இருக்கும் எண் சின்னதாக இருந்தால் விகிதம் கண்டபடி ஆடும். அமெரிக்காவின் மாவட்டங்களைச் சிறுநீரகப் புற்றுநோய் விகிதப்படி வரிசைப்படுத்தினால், மிகக் குறைவான விகிதம் உள்ளவை பெரும்பாலும் மக்கள் குறைந்த கிராமப்புற மாவட்டங்கள். 'சுத்தமான காற்று' என்று உடனே காரணம் சொல்லத் தோன்றும். மிக அதிகமான விகிதம் உள்ளவை எவை என்று பார்த்தால், அவையும் மக்கள் குறைந்த கிராமப்புற மாவட்டங்களே. நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் பூ விழ வாய்ப்பு உண்டு, நானூறு முறை சுண்டினால் நானூறும் விழாது. சிறிய மாவட்டத்தில் ஒருவருக்கு நோய் வந்தால் விகிதம் விண்ணைத் தொடும், யாருக்கும் வராவிட்டால் பூஜ்யம். எட்டுப் பேர் மட்டும் மதிப்பிட்ட பொருளுக்கு 4.9 நட்சத்திரம், நாலாயிரம் பேர் மதிப்பிட்டதற்கு 4.6 என்றால் இரண்டாவதை வாங்குங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

கூட்டிப் பார்ப்பதா பிரித்துப் பார்ப்பதா என்பது இன்னொரு கண்ணி. 1973 இலையுதிர்காலச் சேர்க்கைக்குக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. பாரபட்சம் என்று தோன்றியது. துறை துறையாகப் பிரித்து ஆராய்ந்து 1975ல் வெளியிட்ட கட்டுரையில், பெரும்பாலான துறைகளில் அப்படி ஒரு பாரபட்சம் தெரியவில்லை, சிறிது பெண்கள் பக்கம் சாய்வுகூட இருந்தது என்று கண்டார்கள். பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது, யாருக்குமே இடம் எளிதில் கிடைக்காத துறைகளுக்கு. சரி, பாரபட்சமே இல்லை என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்கே போனார்கள், அந்தத் துறைகளில் ஏன் இடங்கள் குறைவு என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. பிரித்துப் பார்த்ததால் பழைய கேள்வி மறைந்து, சரியான கேள்வி முன்னால் வந்தது.

இவ்வளவு நேரம் கீழே இருக்கும் எண்ணையே பேசினேன். மேலே இருப்பது மட்டும் கடவுள் எழுதியதா என்ன? பதிவான குற்றம் வேறு, நடந்த குற்றம் வேறு. காவல் நிலையத்தில் நம்பிக்கை கூடினால் புகார்கள் கூடும், எண் ஏறும். அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

காசுக்கேற்ற மதிப்பு பற்றிய சண்டைகளுக்கு வருவோம். இங்கே சாதி, கட்சி, கொள்கை எதுவும் இல்லை, ஆனாலும் அரசியலைவிட உக்கிரமாக நடக்கும். ஒரே விலைக்கு 50 சதவீதம் கூடுதல் பொருள் தருவது, அதே பொருளை 33 சதவீதம் விலை குறைத்துத் தருவது, இரண்டும் அளவுக்கு வகுத்தால் ஒன்றுதான். முன்பு ஒரு அளவு கிடைத்த காசுக்கு இப்போது ஒன்றரை அளவு என்றால், ஓர் அளவின் விலை மூன்றில் இரண்டாகிறது. 50 பெரிய எண் என்பதால் கண்ணைக் கவர்கிறது, அவ்வளவுதான். அதேபோல 50 சதவீதம் இறங்கிய விலை பிறகு 50 சதவீதம் ஏறினால் பழைய இடத்துக்கு வராது, நூறு ஐம்பதாகி எழுபத்தைந்தில் நிற்கும். இறங்கும்போது வகுத்த எண் நூறு, ஏறும்போது ஐம்பது.

மைலேஜ் விஷயத்தில் நானும் நெடுநாள் ஏமாந்திருந்தவன்தான். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு 15 தரும் வண்டிக்கு ஒருவர் மாறுகிறார். இன்னொருவர் 20 தரும் வண்டியிலிருந்து 40 தரும் வண்டிக்கு மாறுகிறார். யாருக்கு அதிக எரிபொருள் மிச்சம்? இரண்டாமவருக்கு என்றுதான் மனம் சொல்லும், இரட்டிப்பு ஆயிற்றே. இருவரும் 600 கிலோமீட்டர் ஓட்டட்டும். முதலாமவருக்கு 60 லிட்டர் ஆனது இனி 40 லிட்டர், மிச்சம் 20. இரண்டாமவருக்கு 30 லிட்டர் ஆனது இனி 15, மிச்சம் 15தான். ஓட்டப்போகும் தூரம் நிலையானது, மாறுவது எரிபொருள். அப்படியென்றால் கேட்க வேண்டியது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றல்ல, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008ல் 'சயின்ஸ்' இதழில் இதைத்தான் காட்டினார்கள். ஐரோப்பாவில் முன்பிருந்தே 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றுதான் குறிக்கிறார்கள். அமெரிக்காவிலும் பிறகு புதிய கார்களில் ஒட்டும் சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதையும் சேர்த்தார்கள். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் இடம் மாற்றினாலே உண்மை வேறு முகம் காட்டுகிறது. மொத்தத்தில், நல்ல வண்டியை இன்னும் நல்ல வண்டியாக மாற்றுவதைவிட மோசமான வண்டியைச் சுமாரான வண்டியாக மாற்றுவதில் லாபம் அதிகம்.

எல்லாச் சண்டையும் இப்படிக் கணக்கைத் திருத்தியதும் அடங்கிவிடாது. கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மொத்தம் என்றால் முதலிடம் சீனாவுக்கு, உலக வெளியேற்றத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம். தலைக்கு எத்தனை என்றால் அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன், சீனர் ஒருவருக்கு 8 டன்னுக்குச் சற்று மேல், இந்தியர் ஒருவருக்கு 2 டன் அளவு. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து கூட்டிப் பார்த்தால் மீண்டும் அமெரிக்கா முதலில் வருகிறது, ஏறத்தாழ கால்வாசி. பொருளைச் செய்த நாட்டின் கணக்கில் எழுதுவதா, வாங்கிப் பயன்படுத்திய நாட்டின் கணக்கில் எழுதுவதா என்றால் வரிசை இன்னும் நகரும். இதில் எது சரியான எண்? வளிமண்டலத்துக்குத் தலைக்கணக்கு தெரியாது, மொத்தம்தான் அதைச் சூடாக்குகிறது. ஆனால் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பேசும்போது, இருவர் இருக்கும் வீட்டையும் இருபது பேர் இருக்கும் வீட்டையும் ஒரே தராசில் வைக்க மனம் ஒப்பாது. இங்கே எதால் வகுப்பது என்பதே நியாயம் எது என்ற கேள்வி. கணக்கு அதைத் தீர்க்காது. தீர்க்காது என்று தெரிந்துகொண்டாலே ஒருவரையொருவர் முட்டாள் என்று அழைப்பதை நிறுத்திவிட்டு, உனக்கு எது நியாயமாகப் படுகிறது, ஏன் என்று பேச ஆரம்பிக்கலாம். அந்தப் பேச்சும் சூடாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

'இந்தப் பொருள் கொடுத்த காசுக்குத் தகும், தகாது' என்ற சண்டையும் பாதி இந்த வகை. ஒரு மடிக்கணினியைப் பற்றி இருவர் நாள் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். ஒருவர் அதில் தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்கிறார், மற்றவர் வாரம் ஒருமுறை படம் பார்க்கத் திறக்கிறார். விலை ஒன்று, மணி நேரத்துக்கு வகுத்தால் இருவருக்கும் இரண்டு விலை. இதில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளும் விதம் தனி. உடற்பயிற்சிக்கூடங்களைப் பற்றி ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக் மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மாதத்துக்கு 70 டாலருக்கு மேல் கட்டிச் சந்தா சேர்ந்தவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே கூடத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். சந்தா சேர்ந்த அன்று அவர்கள் மனதில் வைத்து வகுத்த எண் நாலு அல்ல, பத்தோ பதினைந்தோ.